சோபா வரிசைக்குரிய கல்லூரி

ஒரு தகப்பன் எங்கே உட்கார வேண்டும் என்பதை அவர் பிள்ளை எங்கே படிக்கிறது என்பது தீர்மானிக்கும். ஜொகூரில் உள்ள பெர்மாஸ் ஜெயா கல்வி மேம்பாட்டுக் கழகத்தின் சட்டதிட்டங்களில் இப்படி ஒரு வரி எங்கும் இல்லை. எழுதி வைக்காத விதி என்பதால் இதுவரை யாரும் அதை மீறத் துணிந்ததுமில்லை.

ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை கழகம் கல்விப் பெருவிழா நடத்தும். மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகளின் பெயரையும் ஏற்கெனவே போய்விட்ட பிள்ளைகளின் பெயரையும் மேடையில் வாசித்துப் பொன்னாடை போர்த்துவார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் வரமாட்டார்கள், படித்துக்கொண்டிருப்பார்கள். பொன்னாடையைப் பெற்றோரே வாங்கிக்கொள்வார்கள். மண்டபத்தில் முன்னால் தோல் சோபா, நடுவில் வெள்ளை உறை போட்டு முதுகில் ரிப்பன் கட்டிய மெத்தை நாற்காலி, அதற்கும் பின்னால் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. யாருக்கு எது என்று முடிவுசெய்ய ஆசன உபகுழு என்று ஒன்று இருந்தது.

அந்த உபகுழுவின் நடைமுறையை வகுத்துக் கொடுத்தவர் தயானந்தன். அரசாங்க இலாகா ஒன்றில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் துணி காயப்போடுவதற்குக்கூட அவரிடம் ஒரு நடைமுறை இருந்தது. கழகத்துக்கு அவர் வகுத்த முறை எளிமையானது. உபகுழுவினர் மூவர் முன்னிலையில் கல்லூரியின் பெயரை உரக்க வாசிக்க வேண்டும். யாரும் எதுவும் கேட்காவிட்டால் சோபா. ஒருவர் "எங்க இருக்கு?" என்று கேட்டால் மெத்தை. ஒருவருக்கு மேல் கேட்டால் பிளாஸ்டிக். இதில் பாரபட்சத்துக்கு இடமில்லை, மேல்முறையீட்டுக்கும் இடமில்லை என்று அவர் சொன்னபோது சபை நெடுநேரம் கைதட்டியது. அப்போது அவர் மகள் விஜிதா இன்னும் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

இந்த வருடம் மார்ச் கடைசியில் விஜிதாவுக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்தது. முழு உதவித்தொகையுடன். கல்லூரியின் பெயர் எல்ஸ்புரூக்.

சின்னக் கல்லூரி. ஒரு வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரே மேசையைச் சுற்றி. வானியலும் படிக்கலாம், இசையும் படிக்கலாம், இரண்டையும் ஏன் படிக்கிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். லிபரல் ஆர்ட்ஸ் என்று அதற்குப் பெயர். நேர்முகத்தின்போது ஒரு பேராசிரியை, விடிவதற்கு முன்பே பாலம் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போகும் மோட்டார்சைக்கிள்களைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையை வைத்துக்கொண்டு காணொளியில் வெகுநேரம் பேசினார். ஓரிடத்தில் நீ நினைப்பது தவறு என்றார். விஜிதா வாதாடினாள். இன்னோர் இடத்தில் அவரே ஒத்துக்கொண்டார். அன்று முழுக்க விஜிதா வீட்டுக்குள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நடமாடினாள். அவள் சொன்னதை ஒருவர் முழுசாகக் கேட்டுவிட்டு மறுத்தது அதுவே முதல் தடவை. வீட்டில் மறுப்பார்கள், கேட்கமாட்டார்கள்.

அவளுக்கு வேறோர் இடமும் கிடைத்திருந்தது. எல்லோருக்கும் பெயர் தெரிந்த ஒரு பெரிய ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம். அங்கே ஒரு வகுப்பில் நானூறு பேர். ஆனால் பெயரைச் சொன்னால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

எல்ஸ்புரூக்குக்கு ஏப்ரல் கடைசி ஞாயிறு மாலைக்குள் தகப்பனாரின் ஒப்புதல் போய்ச் சேர வேண்டும். கைப்பேசியில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். தயானந்தன் அமுக்கவில்லை. ஒரு பெயரின் மதிப்பைக் கள ஆய்வு செய்யாமல் முடிவெடுப்பது முறையாகாது என்றார். அடுத்த நாளே ஆய்வுக்குக் கிளம்பினார்.

முடிவெட்டும் கடையில் பெயரைச் சொல்லிப் பார்த்தார். கத்தரி நிற்கவில்லை. வங்கியில் சொன்னார், வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சொன்னார், கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது தேவையே இல்லாமல் சொன்னார். கிராப் டாக்சி ஓட்டிய தம்பி மட்டும் ஆர்வமாகத் திரும்பிப் பார்த்தான். "அது செனாய்ல வர்ற புது தாமான்தானே அங்கிள்? இன்னும் வீடெல்லாம் கட்டி முடிக்கல லா" என்றான்.

வீடு திரும்பியவர், ஆஸ்திரேலியா குளிர் அவ்வளவு இல்லை என்று பேச்சை ஆரம்பித்தார். அவர் மனைவி யோகம் எல்லோரையும் போல ஜொகூர்த் தமிழ்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் மூன்று தலைமுறை தாண்டி யாழ்ப்பாணம் வந்துவிடும்.

"உங்களுக்கென்ன விசரே? பிள்ளை படிக்கப் போகுது. நீங்கள் கதிரை பாக்கிறியள்."

கதிரை என்று யோகம் சொன்னது நாற்காலியை. பிளாஸ்டிக் நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்பது தயானந்தனுக்குத் தெரியும். போன வருடங்களில் அவர்தான் உட்கார வைத்தார்.

ஏப்ரல் முதல் வாரம் உபகுழு கூடியது. டைல்ஸ் இறக்குமதி செய்யும் காசிவிஸ்வநாதன் செட்டியார் தலைவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சதாசிவம் ஓர் உறுப்பினர். தன் மகளின் பெயர் பரிசீலனைக்கு வருவதால் தயானந்தன் விலகி ஓரமாக உட்கார்ந்துகொள்ள, அந்த இடத்துக்குக் கமலநாதன் வந்திருந்தார். கமலநாதன் மகன் சிங்கப்பூரில் பெரிய பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். மூன்று வருடமாகச் சோபாவின் வலது ஓரம் அவருக்கு. அதில் விழுந்திருந்த பள்ளம் தன்னுடையது என்று அவர் நினைக்கத் தொடங்கியிருந்தார்.

தலைவர் பெயரை வாசித்தார். வாசித்து முடிப்பதற்குள் கமலநாதன் எங்கே இருக்கிறது என்று கேட்டார். சதாசிவமும் கேட்டார். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நட்புக்காகச் சிறிது தாமதித்து, தானும் கேட்டார்.

தான் கட்டிய வாசலில் தானே தலை இடித்துக்கொண்ட தயானந்தன், முப்பது வருட உத்தியோகத்தில் கற்றதையெல்லாம் ஒரே மூச்சில் திரட்டினார்.

"மூணு பேருக்குமே தெரியலையா?"

"தெரியல, மிஸ்டர் தயா. மன்னிக்கணும்."

"ரொம்ப சந்தோஷம்" என்றார் தயானந்தன். "உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சிருந்தா அது என்ன பெரிய இடம்? பஸ்ல விளம்பரம் ஒட்டுற காலேஜ் எல்லாருக்கும்தான் தெரியும். இது தெரிய வேண்டியவங்களுக்கு மட்டும் தெரியும்."

மூவரும் யோசித்தார்கள். மறுத்துப் பேசினால் தெரிய வேண்டியவர்களில் தாங்கள் இல்லை என்று ஆகிவிடும். ஒத்துக்கொண்டாலும் அதேதான், ஆனால் கௌரவமாக ஆகும். கமலநாதன் விவரமானவர். ஆபத்தை முதலில் உணர்ந்து, தனக்கு இந்தப் பெயரை லேசாகக் கேள்விப்பட்ட மாதிரி இருக்கிறது என்றார். இப்போதுதானே எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள் என்று சதாசிவம் ஆசிரியர் குரலில் திருப்பிக் கேட்க, கமலநாதன் தலை குனிந்தார்.

பொதுமக்களால் அறியப்படாமை உயர்தரக் கல்வியின் முதன்மை அளவுகோலாகக் கொள்ளப்படும் என்று அன்றே தீர்மானம் நிறைவேறியது. ஆசன வரிசை தலைகீழாக்கப்பட்டது. கேட்பவர் அதிகமானால் சோபா, யாரும் கேட்காவிட்டால் பிளாஸ்டிக். விழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இறுதி வாசிப்பு.

விஜிதா கைப்பேசியை நீட்டினாள். இறுதி வாசிப்புக்கு முன் ஒப்புதல் தருவது நடைமுறைக்கு முரணானது என்று தயானந்தன் அன்போடு மறுத்தார்.

தீர்மானம் வாட்ஸ்அப்பில் பரவியதும் பெர்மாஸ் ஜெயாவின் குணம் மாறிப்போனது. பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதாக அச்சிட்ட சட்டைகளைத் தாய்மார்கள் மடித்து அலமாரிக்கு அடியில் வைத்தார்கள். கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்ததை வெந்நீர் ஊற்றிச் சுரண்டினார்கள். கோயிலில் பார்த்து, பையன் எங்கே படிக்கிறான் என்று விசாரித்தால், சொன்னால் உங்களுக்குத் தெரியாது என்று பணிவாகச் சொன்னார்கள். லண்டனில் மருத்துவம் படிக்கும் பெண்ணின் தாய், ஊரே அறிந்த இடத்தில் மகளைச் சேர்த்துவிட்டோமே என்று அழுததாகக் கேள்வி. கமலநாதன் மகனைத் தொலைபேசியில் அழைத்து, அதே பல்கலைக்கழகத்தில் யாருக்கும் தெரியாத துறை ஏதாவது இருக்கிறதா, இருந்தால் மாறிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அவன் கடைசி வருடத்தில் இருந்தான்.

தயானந்தனோ மகிழ்ச்சியாக இருந்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம் எல்ஸ்புரூக்கின் பெருமையை விளக்கினார். யாருக்கும் தெரியாத கல்லூரி என்பதை எல்லோருக்கும் தெரியப்படுத்தினார். முடிவெட்டும் கடையில் விளக்கினார், வங்கியில் விளக்கினார், சாப்பாட்டுக் கடையில் ரசம் வரும்வரை விளக்கினார்.

வெள்ளிக்கிழமை தலைவர் மீண்டும் வாசித்தார். எல்ஸ்புரூக் கல்லூரி.

யாரும் எதுவும் கேட்கவில்லை.

"எங்க இருக்குன்னு கேட்கலையா?" என்றார் தயானந்தன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எதுக்குக் கேட்கணும்?" என்றார் கமலநாதன். "ஊருக்கே தெரியுமே. நேத்து முடிவெட்டுறப்ப அந்தக் கடைக்காரர் எனக்குச் சொல்லிக் கொடுத்தாரு. குளிர் காலத்துல ஏரி உறைஞ்சிடுமாம்."

சதாசிவம் அந்த ஏரியின் பெயரையும் சொன்னார். பிளாஸ்டிக் என்று முடிவானது. கமலநாதன் மகனின் பல்கலைக்கழகத்துக்கும் பிளாஸ்டிக்தான். ஆனாலும் அன்று அவர் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது.

அப்போது கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடும் கனகராஜ் உள்ளே எட்டிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை எந்த நாற்காலி எத்தனை இறக்குவது என்று கேட்கத்தான் செடெனாக்கிலிருந்து வந்திருந்தார். இந்த வருடம் சோபாவே வேண்டியிருக்காது போலிருக்கிறது, தகுதியானவர் ஒருவரும் இல்லை என்று தலைவர் கவலைப்பட்டார். பிறகு மரியாதைக்காக, பையன் செல்வா என்ன செய்கிறான் என்று விசாரித்தார்.

"படிக்கிறான் சார்."

"எங்க?"

"அதான் தெரியல சார். சொன்னான். வாயில நிக்கல."

"வீட்டுக்காரம்மாவுக்கு?"

"அவளுக்கும் தெரியாது சார். எங்க குடும்பத்துலயே யாருக்கும் தெரியாது."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெற்றவர்களுக்கே தெரியாத கல்லூரி என்று சதாசிவம் மெல்லச் சொன்னார். அவர் குரலில் பக்தி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. முன்னால் நீளமான தோல் சோபாவின் நடுவில் கனகராஜ் தனியாக உட்கார்ந்திருந்தார். முழங்கால்மேல் இரண்டு கையும் வைத்தபடி, வெளியே வெயிலில் நிற்கும் லாரியை நினைத்துக்கொண்டு. பின்னால் ஊர் முழுவதும் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தது. கடைசி வரிசையில் தயானந்தன். ஒரு பக்கம் யோகம், மறு பக்கம் விஜிதா. கூட்டம் தாங்காமல் பிளாஸ்டிக் நெருங்கி நெருங்கி, அவர் முழங்கை கமலநாதன் விலாவில் இருந்தது.

இந்தப் பக்கமும் தெரிந்துபோன கல்லூரி, அந்தப் பக்கமும் தெரிந்த பல்கலைக்கழகம் என்றால், பழைய பெயரையே எடுத்துக்கொள்ளலாம் என்பது தயானந்தன் வந்து சேர்ந்திருந்த முடிவு. ஆஸ்திரேலியா பக்கம். மேலும் ஏரி உறையாது. மாலைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. விஜிதா காலையிலிருந்து சாப்பிடவில்லை. கைப்பேசியை மடியில் வைத்து, திரை அணைய அணைய விரலால் தொட்டு எழுப்பிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அந்தப் பேராசிரியை என்கிட்ட முதல்ல என்ன கேட்டாங்க தெரியுமா?"

"என்னவாம்?"

"ஜொகூர் எங்க இருக்குன்னு கேட்டாங்க."

தயானந்தன் மேடையிலிருந்து கண்ணைத் திருப்பினார். "தெரியலையா அவங்களுக்கு?"

"தெரியல. அட்மிஷன் ஆபீஸ்லயும் கேட்டாங்க."

"பெர்மாஸ் ஜெயா?"

"அதைச் சொல்லி ரெண்டு தடவை எழுத்துக் கூட்டினேன்பா."

"அந்தக் காலேஜ்ல ஒருத்தருக்குமா நம்மளத் தெரியாது?"

"ஒருத்தருக்கும்" என்றாள் விஜிதா. முகத்தில் எதுவும் காட்டவில்லை.

தயானந்தனின் முதுகு மெதுவாக நிமிர்ந்தது. பிளாஸ்டிக் நாற்காலி முனகியது. அவ்வளவு பெரிய அமெரிக்காவில், அவ்வளவு படித்தவர்கள் கூடியிருக்கும் இடத்தில், தன்னை, தன் ஊரை, தன் கழகத்தை ஒருவருக்கும் தெரியாது. இப்படியொரு உயரத்தில் இத்தனை காலம் இருந்தும் அது தெரியாமல் போனதே என்று நினைத்தார். கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்து, பொத்தானை அமுக்கினார். விஜிதா அதைத் திரும்ப வாங்கிப் பையின் அடியில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். யோகம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவ்வளவு பெரிய செய்தியைத் தயானந்தனால் தனக்குள் வைத்திருக்க முடியவில்லை. கமலநாதனிடம் சொன்னார். கமலநாதன் முதலில் முறைத்தார், பிறகு அது தன் ஊரும்தான் என்பது நினைவுக்கு வர, முன்வரிசைக்காரரின் தோளைத் தட்டினார். செய்தி வரிசை வரிசையாக முன்னேறி மேடைக்கு ஏறி ஒலிவாங்கியை அடைந்தது.

"பேரன்புமிக்க பெரியோர்களே" என்றார் காசிவிஸ்வநாதன். "அமெரிக்காவின் தலைசிறந்த கல்விமான்களில் ஒருவருக்குக்கூட நம்மை யார் என்று தெரியாது என்ற நற்செய்தியை இந்தச் சபையில் அறிவிப்பதில் பெருமை அடைகிறேன்."

ஊரே எழுந்து நின்று கைதட்டியது.

எல்லோரும் எழுந்துவிட்டதால் விழா முடிந்தது என்று நினைத்த கனகராஜ், நிம்மதியாக எழுந்து வெளியே போய்த் தன் ஆட்களைக் கூட்டிவந்தார். கைதட்டல் ஓய்வதற்குள் நாற்காலிகளை லாரியில் ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். முதலில் சோபாவை.