இருபத்து மூன்று நாள் ‘ஆச்சு’

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நான் நலம்; இடது இடுப்பு மட்டும் ஏறக்குறைய நலம். அங்கு நீங்களும் என் மகளும் குழந்தைகளும், லிஃப்ட் இல்லாத உங்கள் மூன்றாவது மாடியும் நலமென்று நம்புகிறேன்.

ஆபரேஷன் முடிந்து என்னை இந்தப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்த அன்று, இருவேளையும் நடைப் பயிற்சி வேண்டும், ஆறு வாரத்துக்குள் படியேறாவிட்டால் வீட்டை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார் அல்லவா? நானும் பயந்துபோய் தினமும் காலை ஆறு மணிக்கே ஷூ மாட்டிக்கொண்டு கட்டிலில் காத்திருந்தேன். பயிற்சியாளர் வரவில்லை. நர்ஸம்மாதான் கதவிடுக்கில் தலையை நீட்டி, “ஐயா, ஆச்சா?” என்பார். வயதானவனிடம் காலை வேளையில் ஒரு நர்ஸ் வேறு எதைக் கேட்பார்? கூச்சத்தோடு “ஆச்சும்மா” என்பேன். மாலையிலும் அதே கேள்வி. டீ குடித்ததைக் கேட்கிறார் என்று அதற்கும் “ஆச்சு.” இருபத்து நாலாம் நாள் மட்டும் மறைக்காமல், “இன்னிக்கு ஆகலம்மா, ரொம்ப சிரமமா இருக்கு” என்றேன். “பரவாயில்ல, நாளைக்குச் சேத்து ரெண்டு தடவ பண்ணிக்கலாம். பயிற்சியாளர பிடிச்சுக்கச் சொல்றேன்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

முப்பது வருஷம் பஸ் டிப்போவில் நேரம் குறித்தவன் நான். எல்லா அறைக்கும் சேர்த்து நர்ஸம்மா டிக் போடும் நோட்டை வாங்கிப் பார்த்தேன். என் நடைப் பயிற்சிக் கட்டத்தில் அதுவரை இருபத்து மூன்று நாளும் டிக். வராத பஸ்ஸை வந்ததாக எழுதிய பாவம் எனக்கும் உண்டு, அதனால் அந்த டிக்கை உடனே அடையாளம் தெரிந்தது. நீங்கள் போன் செய்தபோதெல்லாம் “நல்லா நடக்கறாரு” என்று நர்ஸம்மா வாசித்துக் காட்டியது இதைத்தான். பயிற்சியாளர் வந்துபோயிருப்பார் என்று நர்ஸம்மா நினைத்திருக்கிறார். டிக் இருப்பதால் வேறு யாரோ நடத்திவிட்டார்கள் என்று பயிற்சியாளர் நினைத்திருக்கிறார்.

டாக்டருக்கே போன் போட்டேன். அவர் போட்ட சத்தத்தில் மறுநாளே ஆள் வந்துவிட்டார். பத்து நாளாக ஒருவேளைகூடத் தவறவில்லை. வலி தாங்காமல் வாய்க்கு வந்தபடி திட்டுகிறேன், அவரோ “திட்டிக்கிட்டே நடங்க ஐயா, நல்லா வருது” என்கிறார். நேற்று இங்குள்ள பதினெட்டுப் படியும் ஏறிவிட்டேன். மேலே நின்று கொஞ்சம் அழுதேன் மாப்பிள்ளை, அதை என் மகளிடம் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை போகலாம் என்று டாக்டர் எழுதிவிட்டார். இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். காரோடு காலையிலேயே வந்துவிடுங்கள்.

குழந்தைகளுக்கு என் ஆசியும், பெரியவர்களுக்கு என் வணக்கமும்.

இப்படிக்கு,
படியேறும் மாமனார்

பி.கு.: வெள்ளிக்கிழமை கார் வேண்டாம். கவரை ஒட்டுமுன் நோட்டை இன்னொரு தடவை புரட்டித் தொலைத்தேன். எதிர் அறை டீச்சரம்மாவுக்குப் பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. பேச்சுப் பயிற்சி என்று டாக்டர் எழுதி ஐந்து வாரம், எல்லா நாளும் டிக். அந்த அறைக்குள் எவரும் போய் நான் பார்க்கவில்லை. “யாராவது வந்தாங்களா டீச்சர்?” என்று கேட்டால் சிரித்துத் தலையாட்டுகிறார். “யாருமே வரலையா?” என்றாலும் அதே தலையாட்டல்தான். அவரைப் பார்க்க வர உறவென்று யாரும் இல்லை. அவர் வாயிலிருந்து ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை வரும்வரை நான் இங்கேதான் இருப்பேன். அப்பாவுக்கு இன்னும் படியேற வரவில்லை என்றே என் மகளிடம் சொல்லிவையுங்கள்.