ரேடியோ அண்ணன் வாசித்த மதில்

கண்டியில் பெரஹர ஊர்வல யானைக்கு அடுத்தபடியாக ஜனங்கள் பயந்து வழிவிட்டது ஒரே ஒருவருக்குத்தான். எங்கள் மஹய்யாவப் பகுதிச் சுவர்களில் கிறுக்கியதை அழிக்க மாநகர சபை அனுப்பும் ரேடியோ அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் சபைக்குத் தெரிந்திருக்கலாம், எங்கள் தெருவுக்குத் தெரியாது.

யாராவது முறைப்பாடு செய்தால் மஞ்சள் பெயின்ட் வாளியோடு வந்து நிற்பார். சபையில் இருந்ததே அந்த ஒரு நிறம்தான். நீலச் சுவரானாலும் மஞ்சள் திட்டு, பச்சைச் சுவரானாலும் மஞ்சள் திட்டு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அழிப்பதற்கு முன் அங்கே எழுதியிருப்பதை நாலு வீதிக்குக் கேட்க வாசிப்பாரே, அதைத்தான் தாங்க முடியாது.

"கிறுக்கியிருக்கிறது என்னன்னா..." என்று ஆரம்பித்து, "ஆட்சேபனை இருக்கா? இல்லேன்னா அழிக்கிறேன்!" என்று முடிப்பார். அதற்கொரு காரணம் உண்டு. ஒருமுறை ஒரு வீட்டுக்காரர் தன் மதிலில் எழுதி வைத்திருந்த "கடிநாய் கவனம்" என்பதையும் கிறுக்கல் என்று நினைத்து அண்ணன் அழித்துவிட்டார். மறுநாள் அங்கே வரி நோட்டீஸ் கொண்டுபோன சபை ஆளையே நாய் கடித்துவிட்டது. அன்றிலிருந்து ஊரைக் கேட்காமல் பிரஷைத் தொடமாட்டார்.

ஹாஜியாரின் தேநீர்க்கடைச் சுவரில் எவனோ, "இங்கே பிளேன்டீக்குச் சீனி காட்டப்படும், போடப்பட மாட்டாது" என்று எழுதிவிட்டான். ரேடியோ அண்ணன் அதை வாசித்து முடிப்பதற்குள் ஹாஜியார் ஓடிவந்தார்.

"அல்லாவே! மூணு பேர் பாத்தத முழுத் தெருவுக்கும் சொல்லிட்டீங்களே!"

"ஆட்சேபனையா ஹாஜியார்? அப்ப அழிக்காம விட்டுறவா?"

"வாணாம் வாணாம், அழிங்க!"

அன்று முதல் அந்தக் கடையில் பிளேன்டீ பாயசம் மாதிரி இருக்கிறது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்த வாய்க்கு ஆப்பு காத்திருந்தது.

வீட்டு முன்னறையில் கணக்கு டியூஷன் நடத்துவதுதான் என் பிழைப்பு. புதுப் பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர் வரவிருந்த சனிக்கிழமைக்கு முதல் நாள், என் மதிலில் கொட்டை எழுத்தில் ஒரு வாசகம்: "இங்கே நல்ல தூக்கம் கிடைக்கும்." பதறிப்போய் சபைக்குச் சொன்னேன். படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து மதிலை மூடினேன். மறுநாள், பெற்றோர் எல்லாம் வாசலில் கூடியிருந்த நேரம் பார்த்து, வாளியோடு வந்தார் ரேடியோ அண்ணன்.

காதருகே போய்க் கெஞ்சினேன். "சத்தமில்லாம அழிச்சிருங்கண்ணே. புண்ணியமாப் போகும்."

"முடியாது சேர். கேக்காம அழிச்சா நாய் கடிக்கும்."

விரிப்பைத் தூக்கித் தலையை உள்ளே விட்டார். என் பிழைப்பு அந்தத் துணிக்குள் கிடந்தது.  பிறகு உள்ளேயிருந்து அந்தக் குரல் கிளம்பியது.

"கிறுக்கியிருக்கிறது என்னன்னா... இங்கே முதல் மாசம் இலவசம்! ஆட்சேபனை இருக்கா?"

பெற்றோர் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்ல," என்றேன். வேறு என்ன சொல்ல?

வயிற்றில் பாலை வார்த்தாரா, அடித்தாரா என்று அப்போது புரியவில்லை. பிள்ளைகள் வந்து குவிந்ததில், உட்கார ஹாஜியார் கடையிலிருந்து கதிரை இரவல் வாங்க வேண்டியதாயிற்று. காசு கட்ட வேண்டிய இரண்டாம் மாதத்திலும் ஒரு பிள்ளைகூட விலகவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

"ஏண்ணே மாத்தி வாசிச்சீங்க?" என்று பிறகு கேட்டேன்.

"எம் மகளும் ஒங்ககிட்டதானே சேர் படிச்சா? நல்லாத்தான் தூங்கினா. ஆனா கணக்குல பாஸ் பண்ணிட்டாளே!"

ஓய்வு பெற்று, இப்போது கடுகண்ணாவையில் அந்த மகள் வீட்டில் இருக்கிறார். சபையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் மெஷினோடு இரண்டு பேர் வருகிறார்கள். வாயே திறப்பதில்லை. இனி நிம்மதி என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் தெருவே ஊமையாகிவிட்டது போல இருக்கிறது.

போன வாரம் என் மதிலில் யாரோ எழுதியிருக்கிறார்கள்: "ரேடியோ மாமா, எங்க போனீங்க?"

இன்னும் நான் சபைக்கு முறைப்பாடு செய்யவில்லை.