வெளியே போய் நின்றவரின் ராஜினாமா

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமாக இல்லை. நீ அங்கே நலமாக இருப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்தவனை எழுப்பி அனுப்பிவிட்டு உட்கார்ந்து பார்க்கிறவர்கள் எப்போதும் நலமாகத்தான் இருக்கிறார்கள். கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிப்பது முறை. விசாரித்தாயிற்று.

"அத்தான், ரெண்டு சீட்டுக்கும் படிவம் இன்னும் போகலையாமே, அக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கா, என்ன விஷயம்?" என்று செய்தி அனுப்பியிருந்தாய். கட்டைவிரலால் தட்டிச் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. மைதானத்தில் எங்கள் வருஷ இருக்கைகளைப் புதுப்பிக்க இந்தச் சனிக்கிழமை கடைசி நாள். படிவம் என் மேஜையில்தான் இருக்கிறது. உன் அக்காவின் கையெழுத்து விழுந்துவிட்டது, என்னுடையது விழாது. ஏன் விழாது என்பதை, இதற்கெல்லாம் மூலகாரணமான உனக்கு முறையாக எழுத்தில் தெரிவிப்பதே இந்தக் கடிதத்தின் நோக்கம்.

என் ஏழாவது வயதில் அப்பா என்னை ஒரு மரப்பெட்டியின் மேல் நிற்க வைத்து நம் கிளப்பின் கால்பந்து ஆட்டத்தைக் காட்டினார். இப்போது எனக்கு ஐம்பத்து மூன்று. கோணக்கால் என்று நாங்கள் செல்லமாக அழைத்த இடதுபக்க ஆட்டக்காரர் பந்தை ஓட்டிக்கொண்டு போனால், பந்து எந்தப் பக்கம் போகிறது, கால் எந்தப் பக்கம் போகிறது என்று எதிரணிக்கே விளங்காது. அவர் போட்ட கோல்களில் குறைந்தது முப்பது இன்னும் என் கண்ணில் இருக்கின்றன. ஆம், அந்தக் காலத்தில் நான் கோல்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். சரித்திரத்துக்குக் கி.மு., கி.பி. இருப்பதுபோல என் வாழ்க்கைக்கும் இரண்டு காலங்கள் உண்டு: நீ வருவதற்கு முன், நீ வந்த பின்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். நீ கல்லூரியில் ஒரே வகுப்பை இரண்டாம் முறை ரசித்துப் படித்துக்கொண்டிருந்தாய். உன் அக்காவும் நீயும் நானும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தோம். நல்ல மழை. நம் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. எழுபதாவது நிமிஷம் நான் சிறுநீர் கழிக்கப் போனேன். மனிதன் என்றால் போகத்தான் செய்வான். திரும்பி வருவதற்குள் நாம் இரண்டு கோல் போட்டு முடித்திருந்தோம். அடுத்த வாரம் மறுபடி பின்தங்கியபோது, "அத்தான், ஒரு நடை போயிட்டு வந்துருங்களேன்" என்றாய். "வரலைடா" என்றேன். "வரலைன்னா என்ன, சும்மா போய் நில்லுங்க" என்றாய். எனக்குச் சிரிப்பாக இருந்தது. போய் நின்றேன். கோல் விழுந்தது. அன்று போய் நின்றவன்தான், இருபத்திரண்டு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறேன்.

நான் புள்ளியியல் கற்பிக்கிறவன் என்பது உனக்கு நினைவிருக்கும். ஒரு மனிதன் கழிப்பறை வாசலில் நிற்பதற்கும் பதினொரு பேர் புல்வெளியில் ஓடுவதற்கும் தொடர்பில்லை என்பதை ஒரு தாளில் கட்டம் போட்டு நிரூபித்து, மைதானத்தில் நம் இருக்கை வரிசையில் உட்காருகிற எல்லோருக்கும் நகல் கொடுத்தேன். அறுபத்தொரு முறை வெளியே அனுப்பப்பட்டேன். அதில் பதினான்கு முறை நமக்குக் கோல், பதினேழு முறை எதிரணிக்குக் கோல், மிச்சமெல்லாம் ஒன்றுமில்லை. மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "பதினாலா! அடேயப்பா!" என்றார். பக்கத்திலிருந்த வக்கீல், "அந்தப் பதினேழும் சார் வெளிய போக லேட் பண்ணின நாளா இருக்கும்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். என் படிப்புக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

நான் நின்ற இடத்தை நீ ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. பார்வையாளர் படிகளுக்கு நேர் கீழே ஒரு நடைகூடம். ஃபினாயில் வாடை, எப்போதும் மூடியிருக்கும் ஒரு டிக்கெட் ஜன்னல், சாய்த்து வைத்த ஈரத் துடைப்பம். அங்கே நான் மட்டும் நிற்கிறேன் என்று நினைக்காதே. நம்மைப் போன்ற அறிவாளிகள் எல்லா வரிசையிலும் இருக்கிறார்கள் அல்லவா, அதனால் வரிசைக்கு ஒருவர் வீதம் ஐந்தாறு பேர் அங்கே தள்ளப்பட்டு நிற்போம். பல் டாக்டரம்மாவை அவர் பெற்ற மகன்களே அனுப்பிவைத்திருந்தார்கள். "பத்து மாசம் சுமந்தேன் சார், பத்து நிமிஷம் பக்கத்துல உக்கார விடமாட்டேங்கிறானுங்க" என்பார். ஆனால் எங்களுக்குக் காது பழகிவிட்டது. 'ஆ' என்று கிளம்பி 'ஓ' என்று மடிந்தால் பந்து கம்பத்தில் பட்டிருக்கிறது. திடீரென்று எல்லாம் அடங்கி எங்கோ தூரத்தில் நூறு பேர் மட்டும் கத்தினால் எதிரணிக்குக் கோல். நமக்குக் கோல் என்றால், முதலில் தலைக்கு மேலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிரும். சத்தம் அதற்குப் பிறகுதான் வரும். ஐந்தாறு பேரும் தலையில் வெள்ளைத் தூளோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். பிறகு நம் வரிசைக்காரர்கள் கீழே ஓடிவந்து, "சார், உங்களாலதான் சார்!" என்று என்னைக் கட்டிப் பிடிப்பார்கள். கோல் எப்படி விழுந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் ஒழுங்காகச் சொல்ல வராது. 'இப்படி வந்து அப்படிப் போச்சு சார்' என்பார்கள்.

கோப்பையை ஜெயித்த வருஷமும் நான் அங்கேதான் இருந்தேன். அன்று எடுத்த புகைப்படத்தில் நம் வரிசை மொத்தமும் கையைத் தூக்கிக் குதிக்கிறது. நடுவில் ஒரு நாற்காலி காலி. அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவைத்துவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் காலி நாற்காலியைத் தொட்டுக் காட்டி, "இதுதான் இவர்" என்கிறாள் உன் அக்கா. நம் அணி மூன்று கோல் முன்னால் இருக்கும்போது விழும் நாலாவது கோலைப் பார்க்க மட்டும் எனக்கு அனுமதி உண்டு. விடிந்த பிறகு ஏற்றி வைக்கிற விளக்கு அது.

போன பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன். ஜெயித்தால் இந்தப் பிரிவில் நீடிப்போம், இல்லையென்றால் கீழ்ப் பிரிவு. அன்று காலையிலேயே நான் முடிவு செய்துவிட்டேன்: என்ன ஆனாலும் எழுந்திருப்பதில்லை, வேண்டிய ஒரு கோலை, ஒன்றே ஒன்றை, இந்தக் கண்ணால் பார்த்துவிடுவது, முடியாமல் கிளப் மூழ்கினாலும் கண்ணைத் திறந்துகொண்டு கூடவே மூழ்குவது. எழுபத்தைந்து நிமிஷம் ஆயிற்று, இரு பக்கமும் கோல் இல்லை. வரிசையில் தலைகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின. நான் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வக்கீல் குனிந்து, "சார், சட்டப்படி உங்களை எழுப்ப எங்களுக்கு உரிமை கிடையாது. ஆனா மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றார். "உங்களுக்கு அது எப்போலேருந்து?" என்றேன். அப்போதுதான் நீ ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து போன் செய்தாய். உன் அக்கா அதை என் காதில் வைத்து அழுத்தினாள்.

"அத்தான், இன்னுமா உக்காந்திருக்கீங்க? கால்ல விழறேன், எந்திரிங்க."

"எங்கேயோ இருந்துக்கிட்டு எப்படிடா கால்ல விழுவே?"

"மனசுக்குள்ள விழுந்துட்டேன் அத்தான்."

"விழுந்தவன் அப்படியே கிட" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். உன் அக்கா அதை வாங்கிப் பைக்குள் போட்டாள். "இருபத்திநாலு வருஷத்துல உங்ககிட்ட நான் எதாவது கேட்டிருக்கேனா?" என்று மட்டும் கேட்டாள். கேட்டதையெல்லாம் வரிசைப்படுத்திச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மருந்துக்கடைக்காரர் மெல்ல எழுந்தார். முழங்கால் வலியுள்ள மனிதர், படியிறங்கவே யோசிப்பவர். "சார் இருக்கட்டும். நான் போறேன்" என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போய்விட்டார்.

சரியாக நாலு நிமிஷம். மூலையிலிருந்து அடித்த பந்து நம் ஆள் ஒருவனின் தோளில் பட்டது. அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. எதிரணிக் கோல்கீப்பர் வழுக்கி உட்கார்ந்தான். பந்து அவன் காலடியில் உருண்டு, யோசித்து யோசித்துக் கோட்டைத் தாண்டியது. கோல். பார்த்துவிட்டேன். மறைக்காமல் சொல்கிறேன், என் படிப்பின் மேல் ஆணை, அதில் ஒன்றுமே இல்லை. மேஜையிலிருந்து எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்தாற்போல் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று நான் கேட்ட கோல்களெல்லாம் எவ்வளவு பெரியவை தெரியுமா? ஒவ்வொன்றும் முப்பது கெஜத்திலிருந்து வலையைக் கிழித்துக்கொண்டு போன கோல். இத்தனை வருஷமும் உள்ளே நடந்தது இந்த உருட்டல்தானா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வரிசை மொத்தமும் என்னைத் தாண்டி ஓடியது. உன் அக்கா என் தொடைமேல் கால் வைத்து ஏறிப் போனாள். எங்கே ஓடுகிறார்கள் என்று எழுந்து போய்ப் பார்த்தேன். கீழே நடைகூடத்தில் மருந்துக்கடைக்காரரைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். என் தலையில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

"எனக்கென்னமோ தோணிச்சு, போனேன். இதுல என்ன இருக்கு?" என்கிறார், அதுவும் தன்னடக்கத்தோடு! நாலு நிமிஷம் வெளியே நின்றவர் பேசுகிற பேச்சா இது? இருபத்திரண்டு வருஷம் நின்றவன் கல்லு மாதிரி பக்கத்தில் நிற்கிறேன், என் முகத்தைப் பார்க்க ஆளில்லை. பல் டாக்டரம்மா மட்டும்தான் பார்த்தார். "என்ன சார், உங்க எடத்தை விட்டுட்டீங்களே" என்றார். போன வாரம் அவரே போன் செய்து இன்னொன்றும் சொன்னார்: மருந்துக்கடைக்காரருக்கு முழங்கால் வலி என்று கிளப்பில் சொல்லி, நடைகூடத்தில் அவருக்கு நாற்காலி போட்டுவிட்டார்களாம். கைவைத்த நாற்காலியாம். எனக்கு ஒரு முக்காலி போடத் தோன்றியதா எவனுக்காவது? ஈரத் துடைப்பத்தைக்கூட நான்தான் நகர்த்தி வைத்துவிட்டு நிற்பேன்.

ஆகவே என் முடிவு இது. நாற்பத்தாறு வருஷம் போதும். இனி அந்தக் கிளப்புக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நீ கிளப்பிவிட்ட மூடநம்பிக்கை மூடநம்பிக்கைதான் என்பது நான் உட்கார்ந்திருக்கும்போதே கோல் விழுந்ததில் நிரூபணமாகிவிட்டது. அதை ஒத்துக்கொள்ள அந்த வரிசையில் ஒருவருக்கும் யோக்கியதை இல்லை. ஒத்துக்கொண்டாலும் எனக்கு என்ன பிரயோசனம் என்று யோசித்தால், அதுவும் புலப்படவில்லை. உன் அக்கா தாராளமாகப் போகட்டும். பக்கத்து இருக்கையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். காலியாகவே விட்டாலும் அவளுக்குப் பழக்கம்தான். சனிக்கிழமைகளில் நான் வீட்டில் இருந்து விடைத்தாள் திருத்துவேன். அதிலும் அபத்தங்கள் உண்டு என்றாலும், கண்ணால் பார்க்கலாம்.

உன் மனைவிக்கு என் விசாரிப்புகள். உன்னைச் சகித்துக்கொண்டிருப்பதற்கு என் பாராட்டுகள். குழந்தைகள் பந்துப் பக்கமே போகாமல், யாரையும் எழுந்து போகச் சொல்லாமல், நீண்ட ஆயுளோடும் நல்ல மதிப்பெண்களோடும் வளர வேண்டுமென்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்
(இந்த ஒன்றை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியதில்லை என்பதால்)

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். நேற்று மாலை நடந்த பயிற்சி ஆட்டத்தில் மருந்துக்கடைக்காரர் மூன்று முறை வெளியே போனாராம், மூன்று முறையும் எதிரணிக்குத்தான் கோல். வக்கீல் வீட்டுக்கே வந்துவிட்டார். "சார், அவருக்கு வேலை தெரியலை சார். போறாரு, ஆனா மனசு வச்சுப் போகமாட்டேங்கிறாரு" என்றார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்றேன். அவர் கெஞ்சினார். கடிகாரத்தைப் பார்த்தபடி பன்னிரண்டு நிமிஷம் கெஞ்சவிட்டு, அதற்கு மேல் தாங்காமல் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். உன் அக்கா அதை எடுத்துக்கொண்டு ஓடியே போய்விட்டாள். முதல் ஆட்டம் சனிக்கிழமை மூன்று மணிக்கு. தேவைப்பட்டால் முதல் நிமிஷத்திலேயே வெளியே போய் நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன். எதற்கும் நீ ஒருமுறை போன் செய்து, எழுந்து போகச் சொல்லிவிடு; நீ சொல்லாமல் நானாகப் போனால் பலிக்குமோ, பலிக்காதோ.