என் பெயரில் ஒரு பொதிக் களஞ்சியம்

தன்னாமுனை,
2010 தை 20

அன்புள்ள மருமகன் பிரதீஸுக்கு,

மாமா வினாயகமூர்த்தி எழுதிக்கொள்வது. இங்கு நானும் மாமியும் கஜானியும் சுகம். பொலிஸ் வந்துபோன பிறகும் சுகம். அங்கு நீரும் உம் அம்மாவும் அந்தக் குளிருக்குள் சுகமாயிருக்க மாமாங்கேஸ்வரரை வேண்டுகிறேன். நீர் லண்டனில் சட்டத்தரணியாக இருப்பதை இதுவரை கலியாண வீடுகளில் பெருமையடிக்க மட்டுமே பாவித்தேன். இன்றுதான் முதன்முறையாக வேறு தேவைக்குப் பாவிக்கிறேன்.

சங்கதி இதுதான். சுனாமிக்குப் பிறகு ஒரு வெளிநாட்டு நிறுவனம் எங்கள் வாசிகசாலைக்குக் கணினிகள் கொடுத்தது. கொடுத்தவர்கள் விமானம் ஏறிய கையோடு, உள்ளேயிருந்த மென்பொருட்கள் தாங்கள் களவுப் பொருட்கள் என்று திரையில் தாங்களே வாக்குமூலம் கொடுக்கத் தொடங்கின. உமது மச்சாள் கஜானி அவற்றை வழித்தெறிந்துவிட்டு, உலகத்தில் யார் யாரோ எழுதிச் சும்மா தருகிற மென்பொருட்களைப் போட்டாள். அவை பொதி பொதியாக வருமாம். எங்கள் இணையம் ஊருகிற ஊரலுக்கு ஆளாளுக்கு இறக்கினால் விடியாது என்று, அவளும் ஏறாவூரில் கணினி திருத்துகிற ஜிப்ரியும் எல்லாவற்றையும் ஒரே கணினியில் சேர்த்து, யாரும் வந்து எடுக்கலாம், யாரும் தாங்கள் செய்ததைக் கொண்டுவந்து சேர்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். பிறகு இணையத்திலும் விட்டார்கள். அந்தக் கணினி எங்கள் முன்னறையில் இருக்கிறது. தொலைபேசி இணைப்பு என் பெயரில் இருக்கிறது. முப்பது வருடம் நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்த ஒருவனின் நித்திரை போவதற்கு இந்த இரண்டு வசனமும் போதும்.

சும்மா கொடுப்பதற்கும் அனுமதிப்பத்திரம் உண்டு, மருமகன். வாசித்தேன். பக்கம் பக்கமாக வாசித்தேன். நன்கொடை உறுதி எத்தனையோ பார்த்தவன் நான். நான் தந்த பொருளால் உன் வீடு எரிந்தாலும் என்னிடம் வராதே என்று எழுதிக் கொடுத்த கொடையாளியை இதிலேதான் கண்டேன். "அப்ப எரிஞ்சா ஆரிட்ட போறது, புள்ள?" என்றேன். "இணைப்பு ஆர்ர பேரில எண்டு பாப்பாங்க, அப்பா" என்றாள் உம் மச்சாள், தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு.

இது போதாதென்று சண்டை முடிந்து சில மாதமே ஆன நேரத்தில் படலையில் ஒரு பலகை மாட்டினாள். "சமூகப் பொதிக் களஞ்சியம். எவரும் பொதி கொண்டு வரலாம். எவரும் எடுத்துச் செல்லலாம்." ஆயுதக் களஞ்சியம் தேடித் தோட்டம் தோட்டமாகக் கிண்டுகிற காலத்தில், பிரதீஸ்! மூன்றாம் நாளே ஜீப் வந்தது. வாசலில் ஜீப் நின்றால் நாய்கூடக் குரைக்காத காலம் அது. மாமி சாமியறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. பொலிஸ் பெரியவர் சிங்களத்தில் கேட்க, கூட வந்த பொலிஸ்காரர் தமிழில் சொன்னார்: "பொதி எங்க?" நான் கணினியைக் காட்டினேன். "எத்தனை பொதி?" நான் வாயைத் திறப்பதற்கு முன்னரே கஜானி, "இருபதினாயிரத்துக்கு மேல" என்றாள், மார்க்கு வாங்கின பிள்ளை மாதிரி. கட்டிலுக்குக் கீழே, கோழிக்கூடு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் பார்த்தார்கள். அந்தப் பொலிஸ்காரர் களஞ்சியம் என்ற சொல்லைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வதென்று அரை மணி நேரம் யோசித்து, கடைசியில் பெரியவரிடம் ஏதோ சொன்னார். அவர் எழுதியதை எனக்கும் வாசித்துக் காட்டினார்கள்: "நெற்களஞ்சியம். நெல் இல்லை." போய்விட்டார்கள். பலகையை நான் விறகாக்கினேன்.

அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து சட்டத்தரணியின் பதிவுத் தபால். பழுகாமத்தில் அச்சகம் வைத்திருக்கும் வினோஜன், தான் காசு கொடுத்து வாங்கின தமிழ் எழுத்துருவைப் பொதியாக்கிக் களஞ்சியத்தில் போட்டிருக்கிறான். எழுத்துருக்காரர்கள் கண்டுவிட்டார்கள். உடனே எடு, இல்லையேல் வழக்கு. விலாசத்தில் என் பெயர் மூன்று எழுத்துப் பிழையோடு இருந்தது. அதை வைத்துத் தப்பலாமா என்றுகூட யோசித்தேன். வினோஜனைக் கூப்பிட்டேன். "நான் காசு குடுத்து வாங்கின சாமான், சேர்! என்ட சாமான்தானே?" என்றான். "பஸ்ஸுக்கு ரிக்கற் எடுத்தா பஸ் உன்ட சாமானாடா, மனே?" என்றேன். பிறகு, எங்கே கண்டாலும் அந்த எழுத்துருவை அழி என்று ஜிப்ரிக்கு உத்தரவு போட்டேன். அவன் ஒழுங்கான பிள்ளை. வினோஜனின் அச்சகத்திலும் அழித்துவிட்டான்.

அடுத்த கிழமை எங்கள் ஊர் வயற்காரர் கந்தப்போடியார், தன் மகளின் கலியாண அட்டைக் கட்டோடு படலையை உதைத்துக்கொண்டு வந்தார். எழுத்துரு போனால் தமிழ் போய், அந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் வருமாம். வினோஜன் பார்க்காமலே அடித்துத் தள்ளியிருக்கிறான். "என்ட மருமகன்ட பேர் என்ன, அரைப்புள்ளியா?" என்று போடியார் கத்திய கத்தலில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்தாரும் எழும்பியிருப்பார்கள்.

அன்று தொலைபேசி வயரைப் பிடுங்கிவிட்டேன். களஞ்சியம் மூடியாச்சு என்றேன். கஜானி சண்டை பிடிக்கவில்லை, சாப்பிடவுமில்லை. மறுநாள் கரடியனாற்றிலிருந்து பஸ் ஏறி இரண்டு ரீச்சர்மார் வந்து நின்றார்கள். "பள்ளிக்குக் கம்பியூட்டர் வந்து கிடக்கு, ஐயா. உள்ளுக்குப் போட ஒண்டுமில்ல. இஞ்சதான் தருவாங்க எண்டாங்க." வெயிலில் வந்த அந்தப் பிள்ளைகளிடம் இல்லை என்று சொல்ல என்னால் ஒண்ணாமல் போச்சு. வயரைத் திரும்பக் கொழுவினேன். ஆனாலும் அனுமதிப்பத்திரம் முழுவதையும் வாசித்துக் காட்டித்தான் கொடுத்தேன். ஒருத்தி கதிரையிலேயே நித்திரையாகிவிட்டாள்.

இப்போது சட்டம் வைத்திருக்கிறேன். யார் செய்தது, எந்த அனுமதியில் தருகிறார் என்று எழுதாத பொதிக்கு உள்ளே இடமில்லை. வாங்கினவன் தன் அச்சகத்தில் பாவிக்கலாம், ஊருக்குப் பங்கு வைக்க முடியாது. ஆகவே வினோஜனுக்கு எழுத்துருவைத் திருப்பிப் போட்டு அட்டையும் மறுபடி அடித்தாயிற்று. ஊருக்கென்று கஜானியும் ஜிப்ரியும் சொந்தமாக ஓர் எழுத்துரு வரைகிறார்கள். அதிலே "ழ" கொஞ்சம் இறால் மாதிரி இருக்கிறது, பரவாயில்லை. ஒன்று மட்டும் பாக்கி. முறைப்பாடு வந்தால் பொறுப்பாகப் பதில் சொல்ல ஒருவருடைய பெயரும் விலாசமும் களஞ்சியத்தில் போட வேண்டுமாம். எங்கள் குடும்பத்தில் ஒருவருடைய பெயரும் அதில் வரக்கூடாது என்று மேசையில் அடித்துச் சொல்லிவிட்டேன். என் பெயரை அந்த இணைப்பிலிருந்தும் கழற்ற ஒரு வழி நீர் எழுதி அனுப்ப வேண்டும்.

உமக்கு நோய்நொடியும் வழக்கில் தோல்வியும் இல்லாமல் இருக்க வாழ்த்துகிறேன். அம்மாவுக்கு எங்கள் அன்பைச் சொல்லும்.

இப்படிக்கு,
உம் மாமா,
க. வினாயகமூர்த்தி

பி.கு.: கடித உறையை ஒட்டப்போகும்போது கஜானி வந்து, விலாசம் தேட வேண்டாம், தன்னிடம் இருக்கிறது என்றாள். ஏன் இருக்கிறது என்று கேட்டேன். போன மாதமே உம் பெயரையும் லண்டன் அலுவலக விலாசத்தையும் "சட்ட ஆலோசகர், சகல முறைப்பாடுகளும் இவருக்கு" என்று உலகம் பார்க்கப் போட்டுவிட்டாளாம். ஜேர்மனியிலிருந்து ஒருவர் உமக்கு முறைப்பாடு எழுதியும்விட்டாராம். ஆகவே மேலே கேட்ட ஒன்றுக்கும் பதில் எழுதி மினக்கெட வேண்டாம். முதலில் அவருக்கு எழுதும். என் பெயர் இணைப்பிலேயே இருக்கட்டும். லண்டனில் எங்களுக்குச் சட்டத்தரணி இருக்கிறார் என்று கந்தப்போடியாரிடம் சொல்லியாயிற்று.