கொசுவின் பேச்சுரிமை

“நீக்கிட்டேன்” என்றார் நூலகர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி.

“எதை?” துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை.

“கொசு எழுதினதை.”

கொசு என்பது அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் இணைய மன்றத்தில் உலவிய ஒரு புனைபெயர். ஆள் யாரென்று தெரியாது. ‘லிஃப்ட் அழுகிறது, யாராவது போய் ஆறுதல் சொல்லுங்கள்’ என்று காலையில் எழுதியிருந்தது. மன்றத்தில் எது இருக்கலாம், எதை நீக்கலாம் என்று முடிவு செய்யும் மட்டுறுத்துனர் நம் நூலகர். பணியில் இருந்த காலமெல்லாம் ‘சத்தம் போடாதீங்க’ என்று சொல்லியே சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்றபின் அதே வேலையை இலவசமாகச் செய்துவந்தார்.

“லிஃப்ட்டைப் பத்தி எழுதினா என்ன தப்பு?”

“தகவல்ல தப்பில்ல. தொனி சரியில்ல.”

கொஞ்ச நேரத்தில் கொசு திரும்பி வந்தது: ‘என் பேச்சுரிமைக்கு இன்று இரங்கல் கூட்டம். மலர்வளையம் தவிர்க்கவும்.’ கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள்.

நூலகர் கைதட்டலைத் தடை செய்தார். ஆளாளுக்குப் பூட்டுப் படம் போட்டார்கள். பூட்டைத் தடை செய்தார். வாயில் பிளாஸ்திரி ஒட்டிய பூனை வந்தது. பூனையைத் தடை செய்ததில், காணாமல்போன தன் பூனையின் படத்தைப் போட முடியாமல் முதல் மாடி அம்மாள் போனில் கூப்பிட்டு அழுதார்.

“இனிமே எதுவா இருந்தாலும் நான் படிச்சு அனுமதிச்ச பிறகுதான் வெளிய வரும்” என்று அறிவித்தார் நூலகர்.

“குழாய்ல தண்ணி வரலைன்னு எழுதினா?”

“பரிசீலிப்பேன்.”

“நீங்க பரிசீலிக்கறதுக்குள்ள ஜனங்க குளிக்காமலே ஆபீஸ் போயிடுவாங்க.”

“பேச்சுரிமைக்கு நான் எதிரி இல்லடி. யார் வேணா என்ன வேணா பேசட்டும். என்கிட்ட கேட்டுட்டுப் பேசணும், அவ்வளவுதான்.”

அதோடு எல்லோரும் எழுதுவதை நிறுத்திக்கொண்டார்கள், கொசுவைத் தவிர. அனுமதிக்காக வந்து நின்ற ஒரே கடிதம் அதனுடையது: ‘ஐயா, மூச்சுவிட அனுமதி கோருகிறேன். இப்போதைக்கு ஒரு தரம் போதும்.’

“மூணாவது மாடி பல் டாக்டர்தான் இது. அந்த நக்கல் வேற யாருக்கும் வராது” என்று கிளம்பினார். லிஃப்ட் அவரை அலுங்காமல் குலுங்காமல் மேலே கொண்டுபோய் விட்டது. இருந்த கோபத்தில் அதையெல்லாம் கவனிக்க அவருக்கு ஏது நேரம்?

“நீங்கதானே கொசு?”

“நானா? வாயைத் திறக்கச் சொல்றதுதான் சார் என் தொழில். மூடச் சொல்றது உங்களோடது.” முறைத்துப் பார்த்த நூலகரிடம் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார் டாக்டர்: “சத்தியமா இந்த வாரம் நான் இல்ல.”

வீட்டுக்கு வந்த வேகத்தில் கொசுவை நிரந்தரமாகத் தடுத்தார்.

மனைவியின் கை அப்படியே நின்றது. “ஏங்க, மிச்சம் இருந்தது ஒரே ஒரு கொசு. அதையும் அடிச்சுட்டு நாள் பூரா என்ன பண்ணப்போறீங்க?”

“நிம்மதியா இருப்பேன்.”

நிம்மதி மறுநாள் மதியம் வரை தாங்கியது. திரை விடுமுறை நாள் நூலகம்போல வெறிச்சோடிக் கிடந்தது. சாயங்காலம் மனைவி சமையலறைக்குள் நுழைந்தபோது, அவர் டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஓய்வு பெற்ற புதிதிலும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் டப்பாக்கள், அப்புறம் செருப்புகள். அடுக்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லாத ஒரு நாள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவர், மாதக்கணக்கில் சரியாக எழுந்திருக்கவேயில்லை. அவரை மறுபடி மனுஷனாக்கியது இந்த மன்றம்தான்.

போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் குசுகுசுவென்று பேசிவிட்டு வந்தாள்.

“நூலகத்துல ஒருத்தன் சத்தம் போட்டா, ஆயுசுக்கும் உள்ள விடமாட்டீங்களா?”

“சேச்சே. மறுநாள் விட்டுடுவேன்.”

“மறுநாள் வந்தாச்சு.”

நூலகர் டப்பாக்களைப் பார்த்தார். அவை ஒன்றும் பேசவில்லை. போய் உட்கார்ந்து, தடையை எடுத்துவிட்டு எழுதினார்: ‘கொசுவுக்கு மன்னிப்பு வழங்கப்படுகிறது.’

பதில் காத்திருந்ததுபோல வந்தது: ‘மன்னிப்பை நான் ஏற்பதாக இல்லை. லிஃப்ட் அழுவது கேட்கவில்லையா? காதையும் நீக்கிவிட்டீர்களா?’

“என்ன திமிரு பாத்தியா” என்றார். முதுகு நிமிர்ந்துவிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, “பசிக்குது, ஏதாவது எடுத்து வை. இவனை இன்னிக்கு ஒரு கை பாக்கறேன்” என்றார்.

அழைப்பு மணி அடித்தது. மனைவி போய்க் கதவைத் திறந்தாள். வந்தவரிடம் நியாயம் கேட்கலாமென்று நூலகரும் பின்னாலேயே வந்தார். பாதி திறந்த கதவுக்கு அந்தப்பக்கம் பல் டாக்டரின் குரல், தாழ்ந்து:

“அக்கா, நாளைலேருந்து கொசு என் முறை. லிஃப்ட்டைத்தான் போன மாசமே சரி பண்ணிட்டாங்களே, சாரைத் திட்ட வேற ஏதாவது சொல்லுங்க.”