பதினோரு மணி பாட்டில்

அம்மா ஆன பிறகு நான் எடுத்த முன்னெச்சரிக்கைகளில் பாதி வேறு எதையாவது கெடுத்திருக்கிறது. அதில் தலைசிறந்தது ரவுட்டர் விவகாரம்.

வைஃபை கைக்குழந்தைக்கு ஆகாது என்று எங்கோ படித்தேன். (ஒன்றும் ஆகாது என்று மறுநாளே படித்தேன். ஆனால் என் பயம் முதலில் படித்ததைத்தான் நம்பும்.) பொம்மனஹள்ளியில் எங்கள் சின்ன வீட்டில் தொட்டிலுக்கு மிகத் தூரமான இடம் சமையலறை அலமாரிதான். ரவுட்டரை அங்கே மைக்ரோவேவ் அடுப்புக்குப் பக்கத்தில் மாற்றி வைத்தேன்.

அன்றிலிருந்து இணைப்பு விட்டு விட்டு வந்தது. ரவுட்டரை அணைத்துப் போட்டேன். பாஸ்வேர்டை மாற்றினேன். திருடுகிறாரோ என்று பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட்ட குற்ற உணர்ச்சியில் அவருக்குக் கேசரி கொடுத்தேன். பழுது பார்ப்பவர் இரண்டு முறை வந்தார். வெளியாள் நிற்கிறாரே என்று என் மாமியார் அந்த நேரம் சமையலறைப் பக்கமே வரவில்லை. இணைப்பும் ஒழுங்காக இருந்தது.

"ஏனூ பிராப்ளம் இல்லா மேடம். சும்மா டென்ஷன் ஆகாதீங்க" என்று கன்னடமும் தமிழும் கலந்து சொல்லிவிட்டுப் போனார் பழுது பார்ப்பவர்.

டென்ஷனுக்குக் காரணம் இருந்தது. பிரசவத்துக்கு வேலையை விட்டு ஒன்றரை வருடம் கழித்து, வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய ஒரு வேலைக்கு வீடியோவில் இன்டர்வியூ. இதை விட்டால் அடுத்தது எப்போது வருமோ. என்ன வேலை? இணைப்பு சரியில்லை என்று போன் செய்கிறவர்களுக்கு வழி சொல்கிற வேலை.

காலை பதினோரு மணிக்குத் திரையில் இன்டர்வியூ எடுக்கும் சுமா மேடம் வந்தார். தமிழ் வாடிக்கையாளர்களுக்கான வேலை என்பதால் தமிழிலேயே கேட்டார்.

"நெட் விட்டு விட்டு வருதுன்னு கஸ்டமர் சொன்னா முதல்ல என்ன கேப்பீங்க?"

ஒரு வாரம் மனப்பாடம் செய்த பதில். "எந்த நேரத்துல கட் ஆகுதுன்னு கேப்பேன். ரவுட்டர் பக்கத்துல வேற ஏதாவது மெஷின்..." அத்தோடு உறைந்துபோனேன், வாயைத் திறந்தபடி.

ஒரு நிமிடம் கழித்து இணைப்பு திரும்பியது.

"பின்னாடி பீப் பீப்னு கேக்குதே, என்ன அது?" என்றார் மேடம்.

நான் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "பதினோரு மணி பாட்டிலை மைக்ரோவேவ்ல வச்சு எடுத்துட்டேம்மா. நீ எழுதி ஒட்டினபடிதான். அடுத்து கிண்ணத்த வைக்கட்டா?"

"ரவுட்டர் எங்க இருக்கு?" என்றார் மேடம்.

"கிச்சன்ல மேடம். மைக்ரோவேவ்..." என்று தொடங்கியவள் நின்றுவிட்டேன். இந்த முறை இணைப்பு நன்றாகத்தான் இருந்தது.

மேடம் சிரித்துவிட்டார். "உங்க பதில் கரெக்ட்தான். மைக்ரோவேவ் ஓடுறப்பல்லாம் பக்கத்துல இருக்கற வைஃபை கட் ஆகும். அதை முதல்ல உங்க வீட்ல செய்ங்க. ரவுட்டரை ஹாலுக்கு மாத்திட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன். என் பொண்ணு பொறந்தப்ப ஆறு மாசம் வீட்ல ஃபேன் போட விடல நான்."

பத்து நிமிடம் அவர் காத்திருந்தார். வேறு யாராக இருந்தாலும் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். வேலை கிடைத்தது. அந்தப் பத்து நிமிடத்துக்கு இன்றும் மனதுக்குள் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

மாமியார் மட்டும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் தவறாமல் சொல்வார்: "இவளுக்கு வேலை வாங்கிக் குடுத்ததே நான்தான். சரியா பதினோரு மணிக்கு பாட்டிலை வச்சேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். மறுத்துப் பேசலாமா என்று நானும் பலமுறை யோசித்துவிட்டேன். அவர் சொல்வது உண்மைதான்.