பல்லெண்ணி பெண் பார்த்த கதை

கடிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டு உறையைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அந்த ஒருவரும் என் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருக்க வேண்டும் என்று என் ஜாதகத்தில் எழுதியிருந்தது போலிருக்கிறது.

அவர் பெயர் பல்லெண்ணி. சம்பளச் சீட்டில் வேறு ஏதோ பெயர் இருந்தது. ஓசூரில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டிருந்தாலும் அவர் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். தபால்தலையின் நான்கு ஓரமும் ரம்பம் மாதிரி பல் பல்லாக இருக்குமல்லவா? லென்ஸை வைத்துக்கொண்டு அதை எண்ணுவார். எண்ணி முடித்ததும், சந்தேகமாக இருக்கிறது என்று திரும்ப எண்ணுவார். ஒரு பல் மடங்கியிருந்தால் வீட்டில் சாவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருப்பார். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று அவரிடம் கேட்பது பாவம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. சிப்காட் பக்கம் ஒரு மாடி அறையில் நாங்கள் மூன்று பேர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நான், சாமல்பட்டிக்காரன் கோவிந்தராஜ், அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பல்லெண்ணி. மூவருக்கும் ஒரே கம்பெனி. வண்டிகளுக்கு கியர் செய்கிற இடம். பல்லெண்ணி அங்கே குவாலிட்டி இன்ஸ்பெக்டர். தலைமுடி அளவுக்குக் குறை இருந்தாலும் “ரிஜெக்ட்” என்று சிவப்புப் பெட்டியில் எறிந்துவிடுவார். சாயங்காலம் அறைக்கு வந்ததும் அதே மனிதர், அச்சு கோணிப்போன தபால்தலை, நிறம் மாறிய தபால்தலை, தலைவர் தலைகீழாக விழுந்த தபால்தலை என்று குறையுள்ளதாகத் தேடி அலைவார். “தப்பா அடிச்சதுக்குத்தான்யா மதிப்பு” என்பார். இதைக் கம்பெனியில் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும்.

எங்களுக்குக் குளிக்க இருந்தது ஒரே பக்கெட். அதில் எந்நேரமும் உறைத் துண்டுகள் ஊறிக்கொண்டிருக்கும். கீழ்வீட்டுக் கன்னடக்கார ஓனரம்மா ஒருநாள் தண்ணீர் வரவில்லையென்று பார்க்க வந்தவர், பக்கெட்டைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“ஏனப்பா இது? துணி ஊறப் போடுவாங்க, அரிசி ஊறப் போடுவாங்க. பேப்பரை யாராவது ஊறப் போடுவாங்களா? அய்யோ தேவரே!”

“மெதுவாப் பேசுங்கம்மா, பசை விடுற நேரம்” என்றார் பல்லெண்ணி.

ஊறிய தபால்தலைகளைக் காய வைக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் என் கட்டில். காரணம், ஃபேன் அதற்கு நேர் மேலே இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்து அப்படியே விழுந்த ஒரு மத்தியானம் நான் பல நாடுகளின் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறேன். எழுந்து அவசரமாக ஓடியபோது சட்டை முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டு கம்பெனிவரைக்கும் வந்துவிட்டது. சூப்பர்வைசர் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஸ்டாம்ப் ஒட்டிட்டாங்க, சரி. அட்ரஸ் எழுத மறந்துட்டாங்களாப்பா?”

கூரியர்காரர்கள் அவருக்குப் பரம்பரைப் பகையாளிகள். கோவிந்தராஜ் புது மொபைல் வாங்கி, வீட்டுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியதைப் பெருமையாகக் காட்டியபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எல்லாஞ் சரி. இதுல எங்க ஒட்டுவீக?” என்றார். அத்தோடு அறிவியல் முன்னேற்றத்தைப் பற்றிய விவாதம் முடிந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். தண்ணீரில் ஊறிய தாளிலிருந்து தபால்தலை தானாகக் கழன்று மேலே மிதந்து வருமே, அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். முட்டையிலிருந்து குஞ்சு வருவதைப் பார்க்கிற மாதிரி இருக்கும். “இந்த நாடே இப்ப கெடையாது, தெரியுமா? மேப்புலருந்து எடுத்துட்டாங்க. ஆனா பாருங்க, நம்ம பக்கெட்டுல இருக்கு” என்பார். அப்போது குளிக்காமல் வேலைக்குப் போவதுகூடப் பெரிய இழப்பாகத் தோன்றாது. ஒரு நிமிடத்துக்கு.

இப்படிப்பட்டவருக்கு அம்மா எழுதுகிற கடிதம் என்ன ஆகும்? உறை பீரோவுக்கு, கடிதம் குப்பைக்கூடைக்கு. ஒரு சனிக்கிழமை கோவிந்தராஜ் செருப்பில் ஒட்டிய தாரைத் துடைக்கக் குப்பைக்கூடையில் தாள் தேடியவன், எடுத்த தாளைப் படித்துவிட்டுக் கத்தினான்.

“அண்ணா! உங்களுக்குப் பொண்ணு பாத்துருக்காங்கோ! ஞாயித்துக்கெழம போய்ப் பாக்கணுமாம். நாளைக்குத்தாண்ணா ஞாயித்துக்கெழம!”

பல்லெண்ணிக்கு வயது முப்பத்திநான்கு. அதற்கு முன் நான்கு இடத்தில் பெண் பார்த்து, நான்கு இடத்திலும் ஆல்பத்தை விரித்து வைத்துப் பேசிவிட்டு வந்திருந்தார். நான்கு வீட்டிலிருந்தும் பதில் வரவில்லை. பதில் வந்திருந்தால் அந்த உறைகளாவது மிஞ்சியிருக்கும் என்ற வருத்தம் அவருக்கு உண்டு.

பெண் வீட்டார் அவருடைய ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து போச்சம்பள்ளி அருகே தங்கிவிட்ட குடும்பமாம். பல்லெண்ணியின் அக்காவுக்குப் பிரசவ நேரமென்பதால் அவர் பெற்றோர் வர முடியவில்லை. முதலில் நண்பர்களோடு போய்ப் பார், பிடித்திருந்தால் பிறகு நாங்கள் வருகிறோம் என்று அம்மா எழுதியிருந்தார். ஆக, அந்தப் பொறுப்பு எங்கள் தலையில்.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறியதும் கோவிந்தராஜ் கையை நீட்டினான். “ஸ்டாம்ப்புப் பேச்சே எடுக்கக் கூடாது. லென்ஸக் குடுங்கண்ணா.”

பல்லெண்ணி சாதுவாக எடுத்துக் கொடுத்தார். குவாலிட்டிக்காரர் எப்போதும் ஸ்பேர் வைத்திருப்பார் என்பது எங்களுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

பெண்ணின் அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் கதவு அகலம் இருந்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் தொடங்கியது. ஆனால் கூடத்துச் சுவரில் ஒரு கம்பி தொங்கியது. வந்த கடிதங்களையெல்லாம் குத்தி மாட்டி வைப்பார்களே, அந்தக் கொக்கிக் கம்பி. முப்பது வருடத்துக் கடிதங்கள், அடியில் பழுப்பேறிய வெளிநாட்டு உறைகள். பல்லெண்ணியின் கண் அங்கே போய் ஒட்டிக்கொண்டது.

பெண் பேச்சியம்மாள் காபித் தட்டோடு வந்து நின்றாள். பல்லெண்ணி அவள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாப் பாத்துக்கிடுங்க தம்பி” என்றார் அப்பா.

“எத்தன வருசம் இருக்கும் மாமா?” என்றார் பல்லெண்ணி, கம்பியைப் பார்த்தபடி.

“இருவத்தேழு முடியுது.”

“அவ்வளவுதானா? பாத்தா இன்னும் பழசாத் தெரியுதே.”

நான் இருமினேன். கோவிந்தராஜ் அவர் காலை மிதித்தான். பல்லெண்ணி எதையும் உணரவில்லை. “நடுவுல துரு வேற ஏறியிருக்கு” என்று எழுந்து போய்க் கம்பியைக் கழற்றிக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து இரண்டாவது லென்ஸ் வந்தது. ஓர் உறையை உருவிக் கண்ணருகே பிடித்து உதட்டை அசைத்து எண்ண ஆரம்பித்தார்.

எல்லாரும் விழித்தார்கள். பெண்தான் கேட்டாள். “என்னாத்த எண்றீங்கோ?”

“பல்லு” என்றார்.

அப்போதுதான் நான் அவளைச் சரியாகப் பார்த்தேன். மேல்வரிசையில் இரண்டு பல் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. அந்த இரண்டு பல்லுக்காக அதற்கு முன் மூன்று மாப்பிள்ளைகள் காபி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அவள் கை வேகமாக வாய்க்குப் போயிற்று.

அண்ணன் எழுந்தார். “பொண்ணு பாக்க வந்தியா, பல்லு எண்ண வந்தியாடா?”

இந்த இடத்தில் கோவிந்தராஜ் சும்மா இருந்திருக்கலாம். “கோவப்படாதீங்கோ. அவரு தப்பா ஒண்ணும் சொல்லலீங்கோ. கம்பெனில அவரு பேரே பல்லெண்ணிதாங்கோ!” என்றான்.

செருப்பைப் போடக்கூட எங்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. கையில் எடுத்துக்கொண்டு மெயின் ரோடுவரை ஓடினோம். வந்த பஸ் எங்கே போகிறது என்று கேட்காமல் ஏறினோம். மூச்சு வாங்கி முடித்தபோதுதான் பல்லெண்ணியின் கையில் அந்த வீட்டு உறை இருந்தது தெரிந்தது.

“திருட்டுப் பட்டம் ஒண்ணுதான் பாக்கி. அதுவும் வந்துடுச்சு” என்றேன்.

அவர் உறையைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டு, “அந்தப் புள்ள வாயப் பொத்திக்கிருச்சுல்ல?” என்றார். அவர் அதைப் பார்த்திருந்தார்.

அந்த வாரம் முழுக்கப் பக்கெட் காலியாக இருந்தது. தினமும் ஆனந்தமாகக் குளித்தேன். என் கட்டிலில் எந்த நாடும் இல்லை. கொண்டாட வேண்டியதுதான்; ஆனால் பக்கத்துக் கட்டிலில் ஒரு மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் எப்படிக் கொண்டாடுவது?

“உறையத் திருப்பி அனுப்பிடுங்கண்ணே, ரிஜிஸ்டர் தபால்ல” என்று சொல்லிப் பார்த்தேன்.

“தபால்லயா? தொலைஞ்சு போயிருச்சுன்னா?” என்றார். தபாலுக்காகவே உயிர் வாழ்ந்த மனிதர் சொன்ன பதில் அது.

எனவே அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போச்சம்பள்ளி. வீட்டுக்குப் போகிற தைரியம் யாருக்கும் இல்லை. அவள் அங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள், காலை ஷிப்ட் முடிந்து மூன்றரைக்குக் கம்பெனி பஸ் இறக்கிவிடும் என்று கோவிந்தராஜ் விசாரித்து வைத்திருந்தான். அவன் மட்டும் ஓடுவதற்கு வசதியாக ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

பஸ் வந்தது. கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்கியவள் எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பல்லெண்ணி இரண்டு கையாலும் உறையை நீட்டினார்.

“இது ஒங்க வீட்டுது. தெரியாம எடுத்துட்டு ஓடிட்டேன். அன்னிக்கு நான் எண்ணுனது... இதுல இருக்குற பல்லுங்க. ஒங்களச் சொல்லல. எண்ணும்போது சத்தியமா ஒங்களப் பாக்கவே இல்ல.”

பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை சொல்லக்கூடிய மிக மோசமான வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“ஸ்டாம்ப்புக்குப் பல்லு இருக்குதா? எங்க, காட்டுங்கோ.”

அவர் லென்ஸை எடுத்துக் கொடுத்தார். எப்படிப் பிடிப்பது, எந்த ஓரத்திலிருந்து தொடங்குவது என்று சொல்லிக் கொடுத்தார். மேல் ஓரத்தில் பதினான்கு பல் இருக்கும், எண்ணிப் பாருங்கள் என்றார். வெயிலில், கம்பெனி பஸ் கிளப்பிய புழுதியில், அவள் நிதானமாக எண்ணினாள்.

“பதிமூணு.”

“பதினாலு.”

“பதிமூணுதான். ஏழாவதுக்கு அடுத்தது மொட்டையா கெடக்குது பாருங்கோ. கம்பெனில நான் விஷுவல் இன்ஸ்பெக்ஷன். ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் பாக்குறன், எங்கிட்டயா?”

பல்லெண்ணி வாங்கி எண்ணினார். வழக்கம்போல் மறுபடியும் எண்ணினார். பதிமூன்று. எங்களுக்குத் தெரிந்து அவர் எண்ணிக்கை தப்பியது அதுதான் முதல் தடவை. லென்ஸைக் கீழே இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார். ஆறு நாள் தாமதமாகப் பெண் பார்த்தார். அவள் இந்த முறை வாயைப் பொத்திக்கொள்ளாமலே சிரித்தாள்.

“எங்கப்பாகிட்ட நான் பேசிக்கறன். எங்கண்ணன் கொஞ்சம் கோவக்காரரு, ஆனா நான் சொன்னா கேப்பாரு. மறுக்கா வந்தா நீங்க மட்டும் வாயத் தொறக்காதீங்கோ. உங்க கூட இருக்கறவரையும் தொறக்க விடாதீங்கோ” என்று கோவிந்தராஜைக் காட்டிவிட்டுப் போனாள்.

மறுபடி பெண் பார்க்கப் போனபோது பல்லெண்ணி வாயைத் திறக்கவில்லை. தை மாதத்தில் கல்யாணம். ஒரே அறையில் இருந்த எங்களுக்கும் பத்திரிகையைக் கையில் தர மறுத்துவிட்டார். முறையாகத் தபாலில்தான் வரும், மூன்று விதத் தபால்தலை ஒட்டியிருக்கிறேன் என்றார். கல்யாணம் முடிந்து நான்காம் நாள் எனக்கு அழைப்பு வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு சீட்டு: “உறையைத் திருப்பிக் கொடுக்கவும்.”

நான் ஓசூரை விட்டு வடக்கே வந்து பல வருடமாகிறது. இங்கே எல்லாரும் மெயில் அனுப்புகிறார்கள், நானும்தான். ஆனாலும் மாதம் ஒருமுறை தபாலாபீசுக்குப் போய், அவரிடம் இல்லாத புது வெளியீடு எது என்று யோசித்து வாங்கி ஒட்டி, கல்யாணத்துக்குப் பிறகு அவர் குடிபோன போச்சம்பள்ளிக்கு அனுப்புகிறேன். எழுத ஒன்றும் இருப்பதில்லை. வெறும் உறைதான். அவருக்கு அது போதும். எனக்குத்தான், அந்த முகவரியை ஒரு தடவை என் கையால் எழுதாவிட்டால் மாதம் முடிந்த மாதிரியே இருப்பதில்லை.